அண்ணி சொல்லச் சொன்ன நோய்

பரிசோதனைக் குச்சியை முதலில் கையில் வாங்கியவர் என் அண்ணிதான். நான் அவருக்குப் பிறகுதான் வாங்கினேன்.

கிள்ளானில் அவர் வீடு இருந்த தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்துக்கு அரசாங்கக் கிளினிக்கிலிருந்து வந்திருந்தார்கள். ரத்த அழுத்தம், இனிப்பு நீர் எல்லாம் பார்த்து முடித்த பெண்களை ஒரு மூலையில் உட்காரவைத்து, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையைப் பற்றி ஒரு மிஸ்ஸி விளக்கினார். எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பழைய மாதிரி மேஜையில் படுத்துக் காலை அகட்ட வேண்டியதில்லை, இந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றார்.

அண்ணி குச்சியை உறையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முனை ஒடைஞ்சு உள்ளயே நின்னுட்டா என்ன மிஸ்ஸி பண்றது?" என்று கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். அவர் இருக்கும் இடத்தில் அப்படித்தான் சிரிப்பு இருக்கும். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். சாலையில் குறுக்கே வரும் லோரிக்காரனைக் கண்ணாடியை இறக்கிவிட்டு நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டார். என் அண்ணனும் லோரி டிரைவர்தான். தாய்லாந்து பார்டர் வரைக்கும் சரக்கு ஏற்றிப் போவார், வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. அவர் மாரடைப்பில் போன பிறகு, ஒரே மகளைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்ததெல்லாம் அந்த வேன்தான்.

பின்வரிசையில் ஓர் அம்மா, "என் வீட்டுக்காரர் போயே எவ்வளவோ வருசமாச்சு. எனக்கெல்லாம் எதுக்கு?" என்றார். இன்னொருத்தி, "வலிச்சாதானே பார்க்கணும். ஒன்னும் இல்லாதப்ப போயி தோண்டுவானேன்?" என்றாள். யாரோ, இது எப்படித்தான் வருகிறது என்று கேட்டார்கள். அது ஒரு கிருமி, ஆண் பெண் உறவில்தான் பரவும் என்றார் மிஸ்ஸி. அதற்கப்புறமும் அவர் பேசினார். பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரு காலத்தில் வந்து தானாகப் போய்விடும், சிலருக்குப் போகாமல் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றெல்லாம் சொன்னார். அதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியவில்லை. முதல் வாக்கியத்திலேயே அந்த மூலை அடங்கிப் போயிருந்தது. பெண்கள் கைப்பைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள்.

அண்ணி குச்சியை மேஜைமேல் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். "வேன் வெயில்ல நிக்குது. நான் போயி நிழல்ல போட்டுட்டு வரேன்" என்று சொல்லி எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. நான் சோதனை கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வேன் ஏற்கெனவே நிழலில்தான் நின்றிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார்.

சில வாரங்கள் கழித்துக் கிளினிக்கிலிருந்து எனக்குப் போன் வந்தது. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அப்போது ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியின் காதுக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். கிருமி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு பார்க்க வேண்டும், பயப்பட வேண்டாம் என்றது அந்தக் குரல். நான் 'ஓகே, ஓகே' என்று சொல்லிவிட்டுப் பெரியவரிடம் திரும்பி, "இப்ப காது ஒறுத்துதா அங்கிள்?" என்று கேட்டேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று நினைவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணிக்குத்தான் முதலில் போன் செய்தேன். கிருமி இருக்கிறதாம் என்றேன். சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி."

"சொல்லாத. கேட்டா தண்ணிப்பை கோளாறு, மூத்திரம் சரியா போகலன்னு சொல்லு."

"ஏன் அண்ணி?"

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு வீட்டுல பேச்சு வரும்லா. ஒன்னு அவர் மேல வரும், இல்லாட்டி ஒன் மேல வரும். எதுக்கு?"

நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார். "எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தடவை கேட்டார். நான் மிஸ்ஸி சொன்னதை அப்படியே சொன்னேன். அதன்பின் சில நாட்கள் நாங்கள் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல நடமாடினோம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளன்று காலையில் நான் சொல்லாமலேயே விடுப்பு எடுத்திருந்தார். காரை வாசலில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

அங்கே காத்திருக்கும் அறையில் பெண்கள் நிறைய பேர் இருந்தார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். "எனக்கு வயித்து வலிதான். சும்மா பார்க்க வந்தேன்" என்றார். அவர் கையிலும் நான் வைத்திருந்த அதே நிற அட்டைதான் இருந்தது.

டாக்டர் ஒரு கருவி வைத்துப் பார்த்தார். வினிகர் மாதிரி ஏதோ தடவினார், சற்றே எரிந்தது. பக்கத்துத் திரையில் தெரிந்தது என் உடம்பின் உட்பகுதி என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. இளஞ்சிவப்பு நிறத்தில் ஓரிடம் மட்டும் வெள்ளையாக மாறியது. "இதைத்தான் தேடினோம்" என்றார். சதையில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் அந்தப் பக்கம் போகக்கூடிய மாற்றம் என்று முடிவு வந்தது. இன்னொரு நாள் போனபோது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி விடாமல் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள்.

இதையெல்லாம் அண்ணியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு வேனைக் கொண்டுவந்திருந்தார். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை. வெயிலுக்கு வெளிர் நிறம் மட்டுமே போடுகிறவர். டிரைவர் சீட்டின்மேல் கனமான பிளாஸ்டிக்கை விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, அதன்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தார்.

"என்ன அண்ணி இது?"

"ஏர்கோன் தண்ணி சொட்டுதும்மா. சீட்டு வீணாயிடும்."

ஏர்கோன் ஓடவில்லை. எல்லாக் கண்ணாடிகளும் இறக்கிவிடப்பட்டிருந்தன. முன்னால் மல்லிகை வாசனைப் புட்டிகள் இரண்டு தொங்கின. வேன் ஓடும்வரை காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. சிக்னலில் நின்றபோதுதான் அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. பூ ஜாடியில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வருமே, அந்த நாற்றம். நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நான் என் கதையைச் சொன்னேன். மேஜை, திரை, வெள்ளையாக மாறிய இடம் எல்லாம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்தபடியே கேட்டார். "வலிச்சுச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, பெரிதாக இல்லை என்றேன். "ஒனக்கு நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல. அது போதும்" என்றார். நீங்களும் போகலாம், நானே கூட வருகிறேன் என்றேன். "பிள்ளை பெத்தப்பவே எல்லாம் பார்த்துட்டாங்க. இனிமே அங்க என்ன இருக்கு பார்க்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருடையது மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். குளியலறையில் கிருமிநாசினி நெடி கண்ணைக் கரித்தது. அவர் துணிகள் மட்டும் தனிக் கொடியில், வீட்டின் பின்புறம் காய்ந்தன. இடுப்பு வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்தார். நாள் முழுக்க வேன் ஓட்டினால் வலிக்காதா என்றார். பிறகு ஒரு கால் மட்டும் வீங்கியது. அதற்கும் கிளட்ச் மிதிக்கிற கால் என்று காரணம் வைத்திருந்தார்.

ஒருநாள் அவருடன் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனேன். பின்சீட்டில் முதல் படிவத்து, பதிமூன்று வயதுப் பெண் பிள்ளைகள் பள்ளியில் போட்ட ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். யாருக்குக் கை அதிகம் வலிக்கிறது என்று போட்டி. இந்த நோய் வராமலிருக்கத்தான் அந்த ஊசி. கடைசிப் பெண்ணை இறக்கிவிட்ட பிறகு அண்ணி, "இந்த வயசுல இதுங்களுக்கு எதுக்கு அந்த ஊசி?" என்றார். கோபம்போலத்தான் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. "எங்க காலத்துல இதெல்லாம் இல்ல" என்றார்.

அங்கேயே வேனை ஓரம் கட்டச் சொன்னேன்.

"அண்ணி, ரத்தம் போகுதா?"

அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"நின்னு போயி ரொம்ப வருசமாச்சு. திடீர்னு திரும்ப வந்துச்சு. நான் சந்தோசப்பட்டேன், தெரியுமா? ஒடம்புல இன்னும் தெம்பு இருக்குதுன்னு நெனைச்சேன். அப்புறம் அது நிக்கவே இல்ல."

"எப்பலேருந்து?"

"அந்த மண்டபத்துக்குப் போனோமே, அதுக்கு முன்னாடியே."

இப்போதே கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"போயி படுத்தா கேப்பாங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. எனக்கு ஒங்க அண்ணனைத் தவிர வேற யாரையும் தெரியாது. அப்ப ஊரு யாரைச் சொல்லும்? செத்துப் போன மனுசன். எம்மவ வீட்டு ஹால்ல அவர் படம் மாட்டி வெச்சிருக்கா. தெனமும் பூ போடுறா."

"யாரும் கேக்க மாட்டாங்க அண்ணி. யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லவே முடியாதுன்னு மிஸ்ஸி சொன்னாங்கல்ல?"

"மிஸ்ஸிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

பார்டர் பக்கத்தில் அண்ணன் தங்கிய இடங்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அண்ணி பேசாமலிருந்தது அவருக்குத் தெரியாததால்தான் என்று இத்தனை வருஷமும் நாங்கள் வசதியாக நம்பிக்கொண்டிருந்தோம். அவர் எஞ்சினைக் கிளப்பினார். பள்ளி விடுமுறை வரட்டும், வருகிறேன் என்றார். அவருடைய மகளிடம் நானே சொல்லிவிடுவேன் என்றேன். "சொன்னா நான் ஒன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்றார். அன்றிரவே மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் சாலாக் செலாத்தானிலிருந்து வந்து அழுதாள், கெஞ்சினாள். அண்ணி விடுமுறை வரட்டும் என்றே நின்றார்.

விடுமுறை வரவில்லை. ஒரு மத்தியானம் கடையில் இருந்தபோது அண்ணியிடமிருந்து போன். "நீ கொஞ்சம் வர்றியா?" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது, அதனால்தான் பயந்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி, சாலையோரத்தில் வேனை நிறுத்தியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் இல்லை. இன்னொரு வேன்காரரைக் கூப்பிட்டு எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. கீழே கால் வைக்கும் இடத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து கிடந்தது. செருப்புகள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பிள்ளைங்க பார்க்கலம்மா. நான் எறங்கவே இல்ல" என்றார்.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "யாரு கேட்டாலும் கிட்னின்னு சொல்லு."

ஆஸ்பத்திரியில் பரிசோதித்த பெண் டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நல்ல தமிழில் பேசினார். முன்னால் எப்போதாவது இந்தச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அண்ணி பயந்த அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ டாக்டர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கட்டி இடுப்பெலும்புவரை போயிருந்தது. சிறுநீர் இறங்கும் குழாய்களை நெரித்துவிட்டதால் கிட்னி இரண்டும் பழுதாகிக்கொண்டிருந்தன. முதுகுப் பக்கம் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். கதிர்வீச்சுக்குப் போய் வந்தார். சில வாரங்கள் ரத்தம் நின்றது. முகம் தெளிந்தது. வேனை விற்க வேண்டாம், நான் திரும்ப ஓட்டுவேன் என்று மகளிடம் சண்டை போட்டார். எங்களுக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. பிறகு ஒரு நாள் காலையில் பசியாறும்போது கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாய் முழுக்க இரும்பு மாதிரி இருக்கு" என்றார். குழாய் வைத்தும் கிட்னி கேட்கவில்லை, அதிலிருந்து இறக்கம்தான்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கிட்னி என்றே சொன்னோம். முழுப் பொய்யும் இல்லை. அவர்களும் உப்பைக் குறை, வாழைத்தண்டுச் சாறு குடி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருமுறை நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, "கேக்கவே இல்லல்ல?" என்றார். "எதை அண்ணி?" என்றேன். "எங்கேருந்துன்னு." இல்லை என்று தலையாட்டினேன். அவர் சீலிங்கைப் பார்த்தபடி, "கேப்பாங்கன்னு நெனைச்சு என்னென்னவோ பதில் ரெடி பண்ணி வெச்சிருந்தேன்" என்றார். அழவில்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

மறுவாரம் போய்விட்டார். மரண அறிவிப்பில் சிறுநீரகக் கோளாறு என்று மகள் போட்டாள். அம்மா கேட்டது அதுதானே அத்தை என்றாள். அவளைச் சோதனைக்குப் போகச் சொன்னேன். அப்புறம் போறேன் என்றாள். இன்னும் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் வேலை, பிள்ளைக்குப் பரீட்சை என்று ஏதோ ஒன்று. அவள் அம்மாவின் குரலிலேயே சொல்கிறாள். மாதா மாதம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கருமக்கிரியை நாளன்று கிள்ளான் வீட்டின் பின்பக்கம் பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். செலாயாங்கிலிருந்து தூரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பெரிய மார்க்கெட்டில் காய்கறி மொத்தக் கடையில் வேலை. நாற்பது இருக்காது. கத்தரிக்காயை அவ்வளவு வேகமாக நறுக்கினாள். மற்றவர்கள் அடுப்புப் பக்கம் போன சமயம், நிமிராமலேயே கேட்டாள்.

"அக்கா, அவங்களுக்கு நெசமாவே கிட்னிதானா?"

அண்ணி ஆம்புலன்ஸில் கேட்டது நினைவுக்கு வந்தது. ஆனால் அவள் கத்தியைக் கீழே வைத்திருந்தாள். நான் உண்மையைச் சொன்னேன். கர்ப்பப்பை வாய் என்றேன். அவள் சற்று நேரம் விரலில் ஒட்டியிருந்த விதைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல எப்படி இருந்துச்சு அவங்களுக்கு?"

சொன்னேன்.

"வீட்டுக்காரர்கூட இருந்த பிறகு மட்டும் கொஞ்சம் ரத்தம் வந்தா? அது வேறதானே?"

"ஒனக்கா?"

"சும்மா கேட்டேன்கா."

"எப்பலேருந்து?"

அவள் முகம் மாறியது. பிறகு மிகச் சின்னக் குரலில், "வாடை வருமா அக்கா?" என்றாள்.

நான் அவள் போன் எண்ணை வாங்கிக்கொண்டேன். மறுநாளே அவள் வீட்டுக்குக் கீழே போய் நின்று போன் செய்தேன். இறங்கி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற உடையிலேயே இறங்கி வந்தாள். கணவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று கேட்டேன். "தண்ணிப்பைல ஏதோ கோளாறுன்னு சொன்னேன்" என்றாள். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

கிளினிக்கில் அவள் எண் வந்தபோது கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன மிஸ்ஸி சற்று நேரத்தில் வெளியே வந்து, வேகமாக நடந்து, ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. பேச்சுக்குரல் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பிறகு வந்தவர்கள்கூட அடுத்த அறையில் பார்த்துவிட்டு மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கதவு திறந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே விதத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டு டாக்டர்தான் வந்தார். காத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கூட வந்தவர் யார் என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன்.